யார் உடம்பில் காட்டுவது

தோட்டத்துத் துரையின் பங்களாப் பின்வாசலில் வேலாயி நின்ற நிலையைப் பார்த்தால், யாரோ அவள் கைகளில் சுண்ணாம்பைப் பூசி, காயும்வரை எதிலும் படக் கூடாது என்று சொல்லி நிறுத்திவைத்ததுபோல் இருக்கும். இரண்டு கைகளும் உடம்பைவிட்டு ஒரு சாண் தள்ளியே நின்றன. ஆறு மாத வயிறு முன்னால் வந்திருந்தது. முந்தானை சரிந்தபோதுகூட அதை இழுத்துவிடாமல் தோளைக் குலுக்கி ஏற்றிக்கொண்டாள். கூலிகள் குடியிருந்த லயத்திலிருந்து காப்பிச் செடிகளுக்கு நடுவே மேடேறி வந்த வழியெல்லாம் அப்படித்தான் வந்தாள். நினைப்பு முழுக்கப் புருஷனின் நோவிலேயே இருந்தது. அந்த நினைப்போடு கை தெரியாத்தனமாக வயிற்றில் போய்ப் படிந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்தாள்.

ஒருவருக்கு வந்த நோவைச் சொல்லும்போது அதைத் தன் உடம்பில் தொட்டுக் காட்டக் கூடாது. காட்டினால் நோவு அங்கே வந்து குடியேறும். இது அந்த மலையில் பேச்சு வராத பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். வாய் தவறுவதுபோல் கையும் தவறும் என்பதால் அதற்கு ஒரு பரிகாரமும் வைத்திருந்தார்கள். காட்டிய இடத்தை உள்ளங்கையால் வழித்து, மண்ணோடு போ என்று சொல்லித் தரையில் உதறிவிட வேண்டும். காட்டியது யார் உடம்பில் என்றாலும் வழிப்பது காட்டியவர் வேலை. லயத்து வரிசையில் அடுத்த காம்பராவில் குடியிருந்த பாலம்மா, மரம் விழுந்து செத்தவனின் கழுத்து எப்படித் திரும்பிக் கிடந்தது என்று தன் கழுத்தில் காட்டிக்கொண்டிருந்தவள், உலை பொங்குகிறதென்று எழுந்து ஓடினாள். வழிக்க மறந்துபோனாள். அடுத்த தடவை காப்பி பூப்பதற்குள் அவள் கழுத்தில் எலுமிச்சம்பழம்போல ஒரு கட்டி வந்து நின்றது. அது முன்பே பாக்களவுக்கு இருந்ததுதான் என்று சொன்னவர்களும் உண்டு. அவர்கள் பேச்சை யாரும் பொருட்படுத்தவில்லை.

வேலாயியின் புருஷன் வீரையா காப்பிப் பழம் உரிக்கும் பொறியில் வேலை செய்தான். மழை விட்ட பிறகு ஒரு காய்ச்சல் வந்தது, வந்தது போகவில்லை. பொழுது சாய்ந்தால் பல் கிட்டும்படி குளிர் எடுக்கும், பிறகு வேர்த்துக் கொட்டும். வலது விலாவுக்குக் கீழே ஓர் இடம் வீங்கிக் கல்லாய்க் கிடந்தது. மூச்சை இழுத்தாலே முகம் கோணும். கறுப்பையா கங்காணி வந்து, வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்து, "குடிச்ச வவுறு. வெளக்கெண்ணெ ஊத்து, எறங்கிரும்" என்று சொல்லி, கையோடு கொண்டுவந்திருந்த எண்ணெயையும் ஊற்றிவிட்டுப் போனார். வீரையா சாராயத்தை மோந்து பார்த்தவன்கூட இல்லை. கங்காணிக்கும் அது நன்றாகத் தெரியும். ஆனால் பழம் சிவந்து தொங்கும் காலத்தில் படுத்துக்கொள்கிற வயிறெல்லாம் கங்காணிமாருக்குக் குடித்த வயிறுதான். எண்ணெய் உள்ளே போன பிறகு வீரையா இரண்டாக மடிந்தவன், அதற்குப் பிறகு நிமிரவில்லை.

பக்கத்துத் தோட்டத்தில் இதே இடத்தில் இதே மாதிரிக் கட்டியோடு கிடந்த ஒருவனைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே துளை போட்டுச் சீழை எடுத்தார்களாம். அவன் தன் காலால் நடந்தே திரும்பி வந்தான். வேலாயி அந்தத் தோட்டத்துக்கே போய், அவன் வெட்கப்பட்டதையும் பாராமல் துணியை விலக்கச் சொல்லித் தழும்பைக் கண்ணால் கண்டுவிட்டு வந்திருந்தாள். ஆகவே அவளுக்கு என்ன வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. வண்டி வேண்டும். தோட்டத்தில் இருந்தது ஒரே ஒரு மாட்டுவண்டி, அதற்கோ காப்பி மூட்டை ஏற்றிக்கொண்டு கண்டிக்குப் போய்வரவே பொழுது போதவில்லை. மூட்டையை இறக்கிவிட்டு ஆளை ஏற்ற வேண்டுமானால் துரை சொல்ல வேண்டும். துரையோ, தன் மருந்துப் பெட்டிக்கு அடங்காத நோய் என்று தனக்கே பட்டாலொழிய அப்படிச் சொல்கிறவரில்லை.

இந்தத் துரை இங்கிலீஷ்காரர் இல்லை, ஜெர்மன்காரர். ஹுன்னஸ்கிரிய மலையில் அந்த வகையில் அவர் ஒருத்தர்தான். லயத்தில் அவருக்கு மூக்குத் தொரை என்று பெயர். மூக்கு பெரிது என்பதால் அல்ல. வந்த புதிதில், காலையில் ஆட்கள் வரிசையில் நிற்கும் பெரட்டுக்களத்தில், முதல் ஆளின் முகத்துக்கு நேரே விரலை நீட்டி ஏதோ கேட்டார். அவன் அடி விழப்போகிறதென்று கண்ணை மூடிக்கொண்டான். பக்கத்தில் நின்றவன் துணிந்து "மூக்குங்க" என்றான். அவனுக்கு ஒரு துண்டுப் புகையிலை கிடைத்தது. அதற்குப் பிறகு ஆட்கள் தாமாகவே காதையும் முழங்காலையும் தூக்கிக்கொண்டு பங்களாவுக்கு வர ஆரம்பித்தார்கள். ஒரு வருஷத்துக்குள் துரைக்குத் தமிழில் உச்சி முதல் உள்ளங்கால்வரை எல்லாம் தெரிந்துவிட்டது. வா, போ, சோறு, தண்ணீர் இவைதான் தெரியாது.

மிச்சத்துக்கு, எல்லோரும் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் மர்சூக் இருந்தார். கட்டுகஸ்தோட்டையில் கடை வைத்திருப்பவர், பொதிமாடுகளில் கருவாடும் அரிசியும் ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய்வருபவர். மூன்று பாஷை பேசுவார். அவர் வந்துவிட்டால் துரை கதிரையை இழுத்துப் போட்டு உட்காரவைத்துப் பொழுது போவது தெரியாமல் பேசுவார். துரை சொன்னதை லயத்தில் கருவாடு நிறுக்கும்போது சொல்லிச் சிரிப்பார் மர்சூக். துரையின் விஷயம் இதுதான். சட்டியையும் துணியையும் அடுத்தவனிடம் வாங்குகிறோம், கூடவே பெயரையும் வாங்கிவிடுகிறோம். மூக்கையும் முழங்காலையும் யாரும் கடையில் வாங்குவதில்லை. ஆகவே ஒரு சனத்தின் ஆகப் பழைய பேச்சு எது என்று பார்க்க வேண்டுமானால் அவர்கள் உடம்பில்தான் தேட வேண்டும். காடு வெட்ட வந்த சிங்களவர்கள் முழங்காலைத் தொட்டு 'தண' என்றும் பல்லைத் தொட்டு 'தத' என்றும் சொன்னபோது துரை கைதட்டிக் குதித்தாராம். தன் பாட்டன் பூட்டன்மார் வடக்கே பனிக்காட்டில் திரிந்த காலத்தில் பேசியதும் அந்தச் சொற்கள்தானாம், வழிநெடுக உருண்டு கொஞ்சம் முகம் மாறிப் போயினவாம். தமிழ்ச் சொற்களுக்கு அப்படி உறவு எதுவும் தென்படவில்லை என்று துரை மிகுந்த வருத்தத்தோடு அறிவித்தார். அதற்காக லயத்தில் யாரும் அன்றைக்குச் சோறு இறங்காமல் கிடக்கவில்லை.

ஆனால் அவருடைய சொந்தப் பாஷையிலும் எல்லா உறுப்பும் ஒழுங்காக வரிசையில் வந்து நிற்கவில்லை. கைக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல்லுக்கு வெளியே எங்கும் சொந்தபந்தம் கிடையாது, அனாதை. தலைக்கு நல்ல பழைய சொல் ஒன்று இருக்க, அதை ஓரங்கட்டிவிட்டுக் குடிக்கிற கிண்ணத்தின் பெயரைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார்கள். அவரை மிகவும் வதைத்தது ஈரல். உறவுப் பாஷைகளில் பலவும் ஈரலின் பழைய சொல்லைப் பத்திரமாக வைத்திருக்க, தன் முன்னோர்கள் மட்டும் அதை வழியில் எங்கோ போட்டுவிட்டு வேறொன்றைப் பிடித்துக்கொண்டார்களே, ஏன்? அந்தப் புதுச் சொல்லை உயிர் வாழ்வதற்கான சொல்லோடு முடிச்சுப் போட்டவர்கள் உண்டாம். துரைக்கு அது ஒப்பவில்லை. லயத்தில் கேட்டால் ஆட்டு ஈரல் என்றார்கள், கோழி ஈரல் என்றார்கள். தன் விலாவில் கைவைத்து ஈரல் என்று சொல்ல ஒருவனும் முன்வரவில்லை, புகையிலைக்குக்கூட.

வேலாயி பின்வாசலில் வந்து நின்றபோது இருவரும் உள்ளே அந்தப் பேச்சில்தான் இருந்தார்கள். மர்சூக்தான் முதலில் பார்த்தார்.

"என்ன புள்ள, இந்த வயித்தோட மல ஏறி வந்தீக்கிறாய்?"

"அவுகளுக்கு முடியல நானா. தொரைகிட்டச் சொல்லி வண்டி வாங்கித் தாங்க. கண்டிக்குக் கொண்டு போகணும்."

மர்சூக் இங்கிலீஷில் சொன்னார். துரை வண்டி என்ற பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல் எழுந்து போய் மருந்துப் பெட்டியைத் திறந்தார். எழும்போது மேசையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். வேலாயி அதைக் கவனிக்கவில்லை. அவள் கண் பெட்டியின் மேல் இருந்தது.

"எங்க நோவு எண்டு கேக்குறார்."

"வலது பக்கம். வெலாவுக்குக் கீழ."

"வயிறு?" என்றார் துரை, தமிழில்.

"வவுத்துக்கு மேலங்க. வெலாவுக்குக் கீழ."

துரை மர்சூக்கிடம் ஏதோ சொன்னார். மர்சூக் தயங்கி, "சும்மா வயித்துப்போக்குக்கும் அந்தப் பக்கம் நோகுமாம். சரியான எடத்தத் தொட்டுக் காட்டட்டாம். அப்பதான் தெரியுமாம்" என்றார்.

வேலாயி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "மாட்டேன் நானா. புள்ளத்தாச்சி நானு."

மர்சூக்குக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் வீட்டிலும் இதே கண்டிப்புதான். துரைக்குப் பொறுமை இல்லை. அவள் காட்டாவிட்டால் நீ உன் உடம்பில் காட்டி அவளிடம் கேள் என்று மர்சூக்கைப் பார்த்துச் சைகை செய்தார். மர்சூக்கின் கை மடியிலிருந்து கொஞ்சம் எழும்பி, அப்படியே திரும்ப இறங்கியது. "அல்லாவே, எனக்கு அஞ்சு புள்ளையள் ஈக்கி" என்று தமிழில் தனக்குள் சொல்லிவிட்டு, துரையிடம் இங்கிலீஷில் மரியாதையாக வேறேதோ சொன்னார். இப்படியாக அந்த அறையில் மூன்று பேர் இருந்தும், ஒரு நோவை இறக்கிவைத்துக் காட்ட ஓர் உடம்பு கிடைக்கவில்லை.

துரை தோளைக் குலுக்கினார். பெட்டியிலிருந்து விளக்கெண்ணெய்ப் போத்தலை எடுத்து, சின்னக் குப்பியில் சரிக்க ஆரம்பித்தார். எண்ணெய் மெதுவாக, மஞ்சளாக இறங்கியது. வேலாயி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குப்பி நிறைந்ததும் கையில் கொடுப்பார்கள், வெளியே போகச் சொல்வார்கள், வண்டி காப்பியோடு போய்விடும். அதற்குப் பிறகு அவள் என்ன சொன்னாலும் எண்ணெயைக் கொடுத்தாயா என்றுதான் கேட்பார்கள்.

அவள் வாசற்படியைத் தாண்டினாள். தோட்டத்து ஆள் எவரும் செருப்பில்லாத காலோடுகூட மிதிக்காத தரை அது. நேரே போய், துரையின் வெள்ளைச் சட்டைமேல், வலது விலா முடிகிற இடத்துக்கு நாலு விரல் கீழே, சுட்டுவிரலை வைத்து அழுத்தினாள்.

"இங்கங்க" என்றாள்.

வீரையாவின் கட்டியைத் தொட்டுப் பார்த்துப் பழகிய விரல், அந்த அளவுக்கே அழுத்திவிட்டது. துரையின் வாயிலிருந்து வந்தது எந்தப் பாஷையிலும் சேராத ஒரு சத்தம். போத்தல் விழுந்து உடைந்து எண்ணெய் தரையில் ஓடியது. முகம் வெளுத்து, நெற்றியில் முத்து முத்தாக வேர்த்துவிட்டது. மர்சூக் கதிரையை விட்டு எழுந்துவிட்டார். துரையை ஒரு கூலிப் பெண் தொடுவதென்றால் என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது, இதுவரை யாரும் தொட்டுப் பார்த்ததில்லை. வேலைப் பதிவில் பேர் வெட்டி அன்றைக்கே லயத்தைவிட்டுத் துரத்தினாலும் கேட்க நாதியில்லை.

துரை உட்கார்ந்தார். மூச்சு திரும்பியதும் மர்சூக்கிடம் கேட்டது ஒன்றே ஒன்று: ஏன் அவள் தன் உடம்பில் காட்டவில்லை? மர்சூக் சொன்னார். காட்டினால் வந்துவிடும் என்ற பயம், சிலர் அந்த உறுப்பின் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார்கள், ஆட்டுக்கும் கோழிக்கும் சொல்வதோடு சரி. துரை கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு அந்த வெளுத்த முகத்தில் சிரிப்பு வந்தது. எழுந்து நடக்கத் தொடங்கினார். உடைந்த கண்ணாடியைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டு வேகவேகமாகப் பேசினார். தன் முன்னோர்கள் ஈரலின் பழைய சொல்லைத் தொலைக்கவில்லை, பயந்துபோய் வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள், பெயரைச் சொன்னால் நோவு காதில் வாங்கிக்கொண்டு வந்துவிடும் என்று அதற்கு ஒரு மறுபெயர் வைத்திருக்கிறார்கள், மறுபெயரே நிலைத்துவிட்டது! இத்தனை நாள் புத்தகங்களில் அகப்படாதது அகப்பட்ட சந்தோஷம் அவருக்கு. நிஜமான சந்தோஷம்தான், அதைக் குறை சொல்ல முடியாது. நடந்தபோதெல்லாம் அவருடைய இடது கை மட்டும் தன்பாட்டில், வேலாயி தொட்ட இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது.

அந்தக் கையைப் பார்த்தபோதுதான் வேலாயிக்குத் தான் செய்தது உறைத்தது. காட்டிவிட்டாள். அது போய் இறங்கியும்விட்டது. நோவு எவ்வளவு சீக்கிரம் வேலை செய்கிறது என்று அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. உடனே வழிக்க வேண்டும். எட்டி ஒரு வழி வழித்துத் தரையில் உதறினால் முடிந்தது. கை முன்னால் வரவும் செய்தது. அப்போது அவளுக்கு ஒரு யோசனை ஓடியது. மண்ணோடு போ என்று சொல்கிறோம். அது மண்ணோடுதான் போகிறதென்று யார் கண்டது? பழகின இடத்துக்கே, வீரையாவிடமே, திரும்பிப் போனால்?

அவள் கையைத் திரும்பப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த மனுஷர் அவளை அடித்ததில்லை, வைததில்லை, ஒரு தரம் காதுக்குப் பெயர் சொன்னதற்குப் புகையிலை கொடுத்திருக்கிறார். இருந்தாலும் வழிக்கவில்லை.

"நானா, வண்டி என்ன ஆச்சு?"

"பொறு புள்ள. ஈரலப் பத்திப் பேசிக்கிட்டு ஈக்கார்."

வேலாயிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஈரலு அங்க லயத்துல அழுகிக்கிட்டுக் கெடக்கு. பேசுறதுக்கு அப்புறம் எவ்வளவோ பொழுது இருக்கு. வண்டியக் கேளுங்க நானா!"

மர்சூக் அதை எப்படி இங்கிலீஷாக்கினாரோ, துரை நடையை நிறுத்தினார். அவளை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பவர்போல் பார்த்தார். நிமிர்ந்து நிற்க முயன்று, முடியாமல், கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவர் வாயிலிருந்து உறுப்பு அல்லாத ஒரு தமிழ்ச் சொல் வந்தது.

"வண்டி" என்றார். தலையை ஆட்டினார். மர்சூக்கிடம் இன்னும் கொஞ்சம் மெதுவாக ஏதோ சொன்னார். தானும் வருவதாகவும், இந்த நிலையில் குதிரையில் உட்கார ஏலாதென்றும் சொன்னதாக மர்சூக் பிறகு சொன்னார்.

அடுத்த நாள் விடிந்ததும் மூட்டைகளை இறக்கிவிட்டு வைக்கோல் பரப்பி, ஒரு பக்கம் துரையையும் மறுபக்கம் வீரையாவையும் படுக்கவைத்தார்கள். இருவருமே ஒரே மாதிரி முழங்காலை மடக்கி, ஒரே விலாவைப் பிடித்துக்கொண்டு படுத்தார்கள். கறுப்பையா கங்காணி வந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். குடித்த வயிறு என்று இப்போது யாரைச் சொல்வதென்று தெரியாமல், மாட்டுக்கு மூக்கணாங்கயிறு சரியாக இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போனார். வீடு திரும்பும் மர்சூக் வண்டியோடு நடந்தார். வேலாயி பின்னால் நடந்தாள்.

இறக்கத்தில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மர்சூக் சொன்னார். "அது ஒன்ட வெரலால வந்த நோவு இல்ல புள்ள. மனுசனுக்குப் போன மழையிலேருந்து ஈக்கி. ஒரு பக்கமாத்தான் படுக்குறார் எண்டு சமையல்காரன் செல்லுவான். ஆருக்கும் செல்லாம வச்சீந்தார். நீ மனசப் போட்டுக் கொழப்பிக்காத."

"ம்" என்றாள் வேலாயி. ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தாள். நல்ல மனுஷர்.

ஏனென்றால் அவள் கண்ணாலேயே பார்த்துக்கொண்டு வருகிறாளே. எத்தனையோ நாளைக்குப் பிறகு வீரையா வழியில் தண்ணீர் கேட்டான், குடித்தான், கஞ்சி இருக்கிறதா என்றும் கேட்டான். கோணியிருந்த முகம் கொஞ்சம் நேராகி, இப்போது தூங்கிக்கொண்டிருந்தான். துரையோ வண்டியின் ஒவ்வொரு குலுக்கலுக்கும் முனகினார். வெயில் ஏற ஏறக் காய்ச்சலும் ஏறி, பிதற்ற ஆரம்பித்தார். என்ன சொல்கிறார் என்று கேட்டதற்கு, "இங்கிலீஷ் இல்ல. அவர்ட உம்மாட பாஷ. எனக்கும் வெளங்காது" என்றார் மர்சூக். வேலாயிக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் யாரிடமிருந்து எடுத்தது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது. அவள் தொட்டுப் பார்க்கவில்லை.

மகாவலி ஓடத்துறையில் மாடுகளை அவிழ்த்து, வண்டியை அப்படியே தள்ளி ஓடத்தில் ஏற்றினார்கள். மர்சூக் மறுகோடியில் மாடுகளை மிரளாமல் பிடித்துக்கொண்டு நின்றார். வேலாயி வண்டிச் சக்கரத்தை ஒட்டி, ஓடத்தின் விளிம்பில் உட்கார்ந்தாள். தண்ணீர் கைக்கெட்டும் உயரத்தில் ஓடியது. ராத்திரி முழுக்க விறைத்துப் போயிருந்த விரல்களை அதில் நனைத்தாள். குளிர்ச்சியாக இருந்தது. வழித்து உதறுவதற்கு மண்ணைவிட ஆறு நல்லது, அடித்துக்கொண்டு கடலுக்கே போய்விடும் என்று ஒரு நினைப்பு வந்தது. ஓடம் மேலேதான் மிதக்கிறது, நோவு அத்தனை தூரம் போகாமல் பக்கத்தில் படுத்திருப்பவன்மேல் ஏறிக்கொண்டால் என்று இன்னொரு நினைப்பும் வந்தது.

முனகல் நின்றிருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். துரை கண்ணைத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது. அவரிடம் இருந்ததெல்லாம் லயத்து ஆட்கள் கொண்டுவந்து கொடுத்த சொற்கள்தான். அதில் ஒன்றைத் தேடி எடுத்தார்.

"கை" என்றார்.

வேலாயி மர்சூக்கைப் பார்த்தாள். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். மறுபக்கம் வீரையாவின் மூச்சு நிதானமாக வந்து போயிற்று.

"கை" என்றார் துரை மறுபடியும், பிள்ளை கேட்பதுபோல.

அவள் தண்ணீரிலிருந்து கையை எடுத்தாள். எழுந்து, வண்டியின் பக்கப் பலகைக்கு மேலாக நீட்டினாள். அவருடைய கை வைக்கோலில் மல்லாந்து விரிந்து கிடந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி, அவள் தொட்டுவிட்டு இன்னும் வழிக்காத அந்த விலா. ஓடம் நடு ஆற்றுக்கு வந்திருந்தது. இரண்டுக்கும் நடுவில் அவள் கை அப்படியே நிற்க, விரல் நுனியிலிருந்து ஆற்றுத் தண்ணீர் துரையின் வெள்ளைச் சட்டைமேல் சொட்டிக்கொண்டிருந்தது.